எட்டுப் பவுனும் ஒரு பட்டமும்



மே மாதம் வந்துவிட்டால் எங்கள் பாலாற்றங்கரை ஊர்களில் இரண்டே பேச்சுகள்தாம் மிஞ்சும். ஒன்று வெயில், மற்றொன்று கல்லூரி. பிளஸ் டூ முடிவு வெளியான அன்று மாலையே கடைத்தெருவிலும் பள்ளிவாசல் முற்றத்திலும், "பையனை எதில் போடப் போகிறீர்கள் பாய்?" என்ற கேள்வி தொடங்கிவிடும். பிள்ளை எதைப் படிக்க விரும்புகிறான் என்று கேட்பவர் குறைவு. பணத்தை எதில் போடுவது என்று கேட்பதைப் போலவே, பிள்ளையை எதில் போடுவது என்றும் கேட்கப் பழகிவிட்டோம்.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்தது. 2018இல் மூத்த மகனுக்காக, 2021இல் மகளுக்காக, 2025இல் இளையவனுக்காக. மூன்று முறையும் மூன்று விதமாக விடை சொன்னோம். முதல் விடை தவறாகப் போனது. அந்தத் தவறை மூடி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. இந்த ஆண்டு அதே வாசலில் நிற்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று, பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவர். எங்களில் ஒருவருக்கு ஊர் ஆம்பூர், மற்றவருக்கு மேல்விஷாரம். ஒருவர் இருபத்தாறு ஆண்டுகளாக ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்பவர். மற்றவர் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துக் காலணியின் மேல்பகுதியைத் தைத்துக் கொடுப்பவர். இருவருமே பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. கட்டிங் மேசையில் தோலை விரித்தால் எந்த இடம் உறுதியானது, எந்த இடத்தில் உண்ணிக்கடித் தழும்பு இருக்கிறது என்று விரல் தொட்டே சொல்லிவிடுவோம். ஒரு கல்லூரி விண்ணப்பத்தை விரித்தால் எந்த வரியில் பள்ளம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதுதான் 2018இல் நடந்தது.

அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக இணையவழிக்கு மாறியது. அதுவரை பெற்றோரும் பிள்ளையும் சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்து வருவார்கள். இனி எல்லாம் கணினியில் என்றதும் எங்களுக்கு அச்சம் வந்தது. அந்த அச்சத்தை ஒருவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்துவிட்டு, "கலந்தாய்வில் எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று தெரியாது, இப்போதே நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடம் பிடித்துவிட்டால் நிம்மதி" என்றார். பொறியாளர் என்ற சொல் எங்கள் காதில் இனித்தது. உறவுக்காரர் ஒருவரின் மகன் அதற்கு முந்தைய ஆண்டு பொறியியலில் சேர்ந்திருந்தான் என்பதும் ஒரு காரணம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். நம் பிள்ளை மட்டும் குறைந்தவனா என்ற எண்ணம் அன்று எங்களைப் பேச வைத்தது.

வேறு மாவட்டத்தில் இருந்த அந்தக் கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆண்டுக்கு 85,000 ரூபாய் படிப்புக் கட்டணம். நன்கொடை என்ற பெயரில் ரசீது இல்லாமல் ஒரு லட்சம். விடுதி, உணவு, தேர்வு, புத்தகம் என்று மற்றவை. நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ ஏழு லட்சம் செலவானது. வங்கி, சொத்து ஜாமீன் கேட்காமல், நான்கு லட்சம் கல்விக்கடன் கொடுத்தது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து ஒரு பகுதி எடுத்தோம். மிச்சத்துக்கு, திருமணத்தின்போது மேல்விஷாரத்திலிருந்து வந்த நகையில் எட்டுப் பவுனை விற்றோம். இன்று அதே எட்டுப் பவுனை வாங்க வேண்டுமானால் அன்று விற்ற விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வேண்டும்.

கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளை எங்களால் மறக்க முடியவில்லை. வட்டி ஹராம் என்பது தெரியாதவர்கள் அல்லர் நாங்கள். வாழ்நாளெல்லாம் வட்டிக்கு வாங்காமல், கொடுக்காமல் வாழ்ந்த பெற்றோரின் பிள்ளைகள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அஞ்சியே கேட்கவில்லை. கேள்வியின் விடை நமக்குப் பிடிக்காது என்று தெரிந்து கேட்காமல் இருப்பதும் ஒரு விதமான விடைதான். அன்றிரவு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

இனி அந்தக் கடனின் கணக்கைச் சொல்கிறோம். கல்விக்கடன் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் இதைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று நான்கு முறை வங்கி பணம் கொடுத்தது. வட்டி 11 சதவீதம். படிக்கும் நான்கு ஆண்டுகளும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாம் லட்சத்துக்கு நான்கு ஆண்டு, மூன்றாவதற்கு மூன்று, நான்காவதற்கு இரண்டு. 2023இல் தவணை தொடங்கியபோது வட்டி மட்டும் 1,54,000 ரூபாய் சேர்ந்து, கடன் 5,54,000 ஆகியிருந்தது. ஏழு ஆண்டுத் தவணை; மாதம் ஏறத்தாழ 9,500 ரூபாய். 2030இல் அது முடியும்போது, வாங்கிய நான்கு லட்சத்துக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் கட்டியிருப்போம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்த ஐந்தாண்டு வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் உண்டு. உரிய தரச்சான்று பெற்ற நிறுவனங்களில் படிப்போருக்குத்தான் அது கிடைக்கும் என்பதை, மகன் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதுதான் அறிந்தோம். அவன் படித்த கல்லூரிக்கு அந்தச் சான்று இல்லை.

மகன் சோம்பேறி அல்லன். இரண்டாம் ஆண்டின் இறுதியில் கொரோனா வந்தது. ஷூ கம்பெனிகள் மூடப்பட்டன. வீட்டில் இருந்த ஒரே நல்ல கைப்பேசியில் அவன் பொறியியல் படித்தான். இரண்டு பாடங்களில் தவறி, பிறகு எழுதித் தேறினான். 2022இல் பட்டம் வாங்கினான். சென்னையில் ஒப்பந்த அடிப்படையில் 15,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு வேலை. வாடகையும் சாப்பாடும் போக மாதக் கடைசியில் எங்களிடமே பணம் கேட்க வேண்டியிருந்தது. கேட்க வெட்கப்பட்டு, பட்டினி கிடந்த நாள்களும் இருந்தன என்று பிறகு சொன்னான். ஓராண்டு கழித்து ஊருக்குத் திரும்பி, ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தான். சம்பளம் 18,000. அதில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகிறது. பத்தாம் வகுப்போடு கம்பெனிக்குப் போன அவனுடைய பள்ளித் தோழன் அதே கட்டடத்தில் இயந்திரத்தில் நிற்கிறான். அவன் சம்பளமும் ஏறத்தாழ அதுதான். அவனுக்குக் கடன் இல்லை.

இதைவிட வருத்தமான ஒன்று இன்னும் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்குத் தமிழ்நாடு அரசு, முதல் பட்டதாரி என்ற வகையில், கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அது அரசின் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே. முஸ்லிம்களுக்கு 2007 முதல் உள்ள 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் கலந்தாய்வில்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் போனதால் எங்கள் மகனுக்கு இரண்டுமே இல்லை. அவன் பட்டம் வாங்கிவிட்டதால், அவனுக்குப் பின் வந்த தங்கைக்கும் தம்பிக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்காது. ஒரு குடும்பத்துக்கு ஒரு முறை மட்டும் வரும் உரிமையை, ஒரு தேநீர் நேரத்தில் தொலைத்துவிட்டோம்.

2023ஆம் ஆண்டு, முதல் தவணை கட்டிய வாரத்தில் மேல்விஷாரம் போயிருந்தோம். பிள்ளைகளின் பாட்டனார் எல்லாக் கணக்கையும் பொறுமையாகக் கேட்டார். திட்டவில்லை. "இத்தனையும் நீங்கள் இரண்டு பேர் மட்டும் தூக்கினீர்களா?" என்றுதான் கேட்டார். பிறகு அவர் பழைய செய்திகளைச் சொல்லத் தொடங்கினார். நாள்தோறும் கடந்து போகும் கட்டடங்களைப் பற்றியவைதான் அவை. ஆனால் எங்கள் சொந்தக் கணக்கோடு சேர்த்து அவற்றை நாங்கள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

இந்த வட்டாரத்துத் தோல் வணிகர்கள் பலர் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைச் சென்னைப் பெரியமேட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலில் இலண்டனுக்கு அனுப்பியவர்கள். தங்கள் பிள்ளைகள் கணக்கு நோட்டுக்கு அப்பாலும் படிக்க வேண்டும் என்று நினைத்தபோது, அவர்கள் தத்தம் வீட்டுக்குள் உட்கார்ந்து செலவைக் கூட்டிப் பார்க்கவில்லை. ஊராகக் கூடினார்கள். வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஆம்பூருக்கு அருகில் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். அந்த இடமே உமராபாத் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1965இல் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியைத் தொடங்கியது. ஆம்பூரில் 1969இல் மழ்ஹருல் உலூம் கல்லூரி வந்தது.

மேல்விஷாரத்துக் கல்லூரிக்குப் பெயரான நவாப் சி. அப்துல் ஹக்கீம் அந்த ஊரில் பிறந்து, தோல் வணிகத்தில் பொருள் ஈட்டியவர். சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கர் தங்கும் சித்தீக் சராய் அவருடைய கொடைதான். பயணிக்கு ஒரு சத்திரம் வேண்டும் என்று நினைத்தது போலவே, படிக்க வரும் பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அந்தத் தலைமுறை நினைத்தது. தங்கள் பிள்ளைக்கு மட்டும் ஓர் இடம் பிடிப்பது அவர்களுக்குப் போதவில்லை; யாருடைய பிள்ளையும் வந்து உட்காரும்படி இடம் கட்டினார்கள். இந்தக் கல்லூரிகளில் பிற சமயத்துப் பிள்ளைகளும் தொடக்கத்திலிருந்தே படித்து வருகிறார்கள்.

"எங்கள் காலத்தில் பணம் இருந்தவன் ஊருக்காகக் கொடுத்தான், பணம் இல்லாதவன் வெட்கமில்லாமல் படித்தான். உங்கள் காலத்தில் பணம் இல்லாதவனும் பணம் இருப்பவனைப் போலக் காட்டிக்கொள்ளக் கடன் வாங்குகிறான்" என்றார் பாட்டனார். அந்தச் சொல் எங்களுக்கு வலித்தது. உண்மையாக இருந்ததால்தான் வலித்தது.

அப்படியானால் கல்லூரியே வேண்டாமா? பிள்ளையைப் பதினேழு வயதில் கம்பெனிக்கு அனுப்பிவிடலாமா? எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்போது இந்த எண்ணம் வந்திருக்கிறது. பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். பையன்கள் பிளஸ் டூவோடு, சிலர் அதற்கும் முன்பே, வேலைக்குப் போய்விடுகிறார்கள். அண்ணன் படித்து என்ன கண்டான் என்று எங்கள் வீட்டையே எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: தோலை மட்டும் நம்பி இருந்தவர்கள் பட்ட பாட்டையும் எங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், பாலாற்றை மாசுபடுத்திய தொழிற்சாலைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது நம் ஆற்றின் பெயரால்தான். அந்தத் தீர்ப்பு நியாயமானது. கிணற்று நீர் கெட்டுப் போன உழவரின் வீட்டுக் கண்ணீரும் கண்ணீர்தான். ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதி செய்ய முடியாத டேனரிகள் மூடப்பட்டபோது, வேறு தொழில் தெரியாத நடுவயதுக்காரர்கள் தெருவில் நின்றார்கள். 2020இல் கொரோனா. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரை வரி விதித்தபோது, அந்த நாட்டை நம்பியிருந்த பிரிவுகளில் கூடுதல் நேர வேலை நின்றது. எங்கோ ஒரு தலைநகரில் போடும் கையெழுத்து எங்கள் அடுப்பைத் தொடுகிறது. கைத்தொழில் மட்டும் அறிந்த பிள்ளைக்கு அந்த நாளில் போக வேறு வாசல் இல்லை. ஆகவே படிப்பு வேண்டும். ஆனால் எந்த விலை கேட்டாலும் கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு அல்ல அது.

இதை எங்களுக்குப் புரிய வைத்தவள் மகள். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. முந்தைய மதிப்பெண்களை வைத்து முடிவு வந்தது. மூத்தவனுக்காக எல்லாம் செலவாகியிருந்த நேரம். அவளே ரயிலில் போய் வரும் தொலைவில் ஒரு மகளிர் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து வணிகவியல் சேர்ந்தாள். மூன்றாண்டுக் கட்டணம், சீசன் சீட்டு, புத்தகம் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துக்குள் முடிந்தது. தையல் கூலியில் ஒரு பகுதியும் மாதச் சீட்டும் அதற்குப் போதுமாக இருந்தன. ஒரு ரூபாய் கடன் இல்லை. மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் செலவையும் பார்த்துக்கொண்டாள்.

அவள் இப்போது பி.எட். படிக்கிறாள். ஆசிரியர் வேலை கிடைத்தாலும் தொடக்கத்தில் சம்பளம் பெரிதாக இராது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே மகன் தோற்றான், மகள் வென்றாள் என்று கதை சொல்ல வரவில்லை. ஆனால் அண்ணனின் கடன் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் அவள்தான். வட்டிக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியவளும் அவளே. ஒவ்வொரு மே மாதமும் மூன்று நான்கு வீட்டு அம்மாக்கள் விண்ணப்பத் தாளோடு அவளைத் தேடி வருகிறார்கள். பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பதன் மதிப்பை எந்தச் சம்பளச் சீட்டிலும் பார்க்க முடியாது.

2025இல் இளையவன் பிளஸ் டூ முடித்தான். இந்த முறை தரகர் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. இரண்டு ரக்அத் இஸ்திகாராத் தொழுதோம். பிறகு ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் எழுதினோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்திருந்தால் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். இவன் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. அதனால் அது இல்லை. தமிழ் வழியில் படித்ததால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கலந்தாய்வில் விண்ணப்பித்தோம். அரசுக் கல்லூரியிலோ, தரச்சான்று உள்ள கல்லூரியிலோ அவன் விரும்பும் பிரிவு கிடைத்தால் போகலாம். இல்லையென்றால் போக வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துகொண்டோம். இந்த முறை ஹஜ்ரத்திடமும் போனோம். அவர் எங்களிடம் திருப்பிக் கேட்டார்: "வட்டி இல்லாத வாசல்கள் எத்தனை தட்டினீர்கள்?" 2018இல் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், ஒன்றுகூட இல்லை என்றுதான் சொல்லியிருப்போம்.

கலந்தாய்வில் அவன் மதிப்பெண்ணுக்குத் தொலைவில் ஓர் இடம்தான் வந்தது. அவனே வேண்டாம் என்றான். அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் சேர்ந்திருக்கிறான். உதவிபெறும் பிரிவென்பதால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிகிறது. முதலில் எங்களுக்கே சற்றுத் தயக்கமாக இருந்தது; வேதியியல் படித்து என்ன செய்வான் என்று உறவினர் கேட்டார்கள். தோல் பதனிடுவது முதலிலிருந்து முடிவு வரை வேதியியல்தான் என்று அவன் சொன்னான். குரோமியம் எப்படித் தோலைப் பிடிக்கிறது, கழிவுநீரிலிருந்து அதை எப்படிப் பிரிப்பது என்று இரவுச் சாப்பாட்டின்போது விளக்குகிறான். சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு நாள் அங்கே போய் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. நடக்குமா என்பது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் எங்கள் தலைமுறை கெடுத்த ஆற்றைப் பற்றி எங்கள் பிள்ளை ஒருவன் படிப்பது எங்களுக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஹஜ்ரத்தின் அந்தக் கேள்வி எங்களோடு நிற்கவில்லை. வட்டி இல்லாத வாசல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், பல இடங்களில் அது இல்லை என்பதுதான் உண்மை. இல்லாத வாசலைத் தட்டச் சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் வங்கிக்குத்தான் போவார்கள். மஹல்லாவில் சிலர் கூடிப் பேசினோம். இருபத்திரண்டு வீடுகள் மாதம் 500 ரூபாய் தருவதென்று முடிவானது. மாதம் 11,000, ஆண்டுக்கு 1,32,000. ஷூ கம்பெனித் தொழிலாளர்கள், ஒரு மளிகைக் கடைக்காரர், இரண்டு ஆசிரியர்கள், பிரியாணிக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்று எல்லாரும் எங்களைப் போன்றவர்கள்தாம். செல்வந்தர் ஒருவர்கூட இல்லை.

அந்தப் பணம் கர்ழ் ஹஸனாவாக, அதாவது வட்டியில்லாத அழகிய கடனாக, மாணவர்களுக்குப் போகிறது. பிள்ளையின் கையில் கொடுக்காமல் கல்லூரிக்கே கட்டணமாகச் செலுத்துகிறோம். நன்கொடை கேட்கும் இடத்துக்குக் கொடுப்பதில்லை. வேலை கிடைத்ததும் வாங்கிய தொகையை மட்டும் சிறுகச் சிறுகத் திருப்பித் தர வேண்டும். ஜகாத் தொகையை இதில் கலக்காமல் தனியே வைத்திருக்கிறோம். பெறத் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு ஆலிம்களிடம் கேட்டே கொடுக்கிறோம். ஒவ்வொரு கடனையும் இரண்டு சாட்சிகளோடு ஒரு நோட்டில் எழுதுகிறோம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. சூரா அல்பகராவின் 282ஆம் வசனம். அதற்குச் சற்று முன்னேதான், வட்டியைக் கைவிடச் சொல்லும் வசனங்களும், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்லும் வசனமும் வருகின்றன. மூன்றும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருப்பதை, தவணை கட்டத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் கவனித்தோம்.

முதலாண்டில் நான்கு பிள்ளைகளுக்கு உதவ முடிந்தது. நூறாண்டுக்கு முன் கல்லூரியே கட்டியவர்களின் ஊரில் இது மிகச் சிறிய செயல். ஆனால் ஒரு வீட்டின் சுமையை இருபத்திரண்டு வீடுகள் பார்க்கின்றன. பார்க்கும்போதே சில தவறுகள் நின்றுவிடுகின்றன. ஒரு தாய் தன் மகனை ஒரு தனியார் கல்லூரியில் சேர்க்க முன்பணம் கட்டப் போகிறேன் என்றபோது, நோட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள், கலந்தாய்வு முடியட்டும் அக்கா என்று தடுத்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்களைத் தடுக்க யாரும் இல்லை; நாங்களும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு முடிவெடுக்கும் பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். கலந்தாய்வு முடியும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் உங்கள் வீட்டுக்கு ஒரு முறைதான் வரும். அதை எந்தப் பிள்ளைக்கு, எந்தப் படிப்புக்குப் பயன்படுத்துவது என்று யோசியுங்கள். கல்லூரியின் தரச்சான்றைக் கேட்டுப் பாருங்கள். அங்கே படித்து முடித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று விசாரியுங்கள். நம் முன்னோர் கட்டிய உதவிபெறும் கல்லூரிகளை, கட்டணம் குறைவு என்பதாலேயே தரம் குறைவு என்று ஒதுக்காதீர்கள். திருமண மண்டபத்துக்கு ஒரே நாளில் லட்சங்களைக் கொடுத்துவிட்டு, மகளின் கட்டணத்துக்குக் கை சுருங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக முடிவெடுக்காதீர்கள். மார்க்கம் தெரிந்தவரிடமும், படித்த பிள்ளைகளிடமும், ஏமாந்தவர்களிடமும் கேளுங்கள். எங்கள் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது.

சென்ற மாதம் ஜுமுஆவுக்குப் பிறகு மூத்த மகன் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தான். தன் பெயரில் மாதம் 500 ரூபாய் எழுத அவனால் இப்போது முடியாது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 2030ஆம் ஆண்டு என்று தலைப்பிட்டு, தன் பெயரையும் அதற்கு நேரே 1,000 ரூபாய் என்றும் எழுதினான். "அத்தா, என் கடன் அந்த வருடம் முடியும், அதற்கு அடுத்த மாதத்திலிருந்து" என்றான்.

படித்தது வீண் போகவில்லை என்று அன்று நினைத்தோம். அதற்குக் கொடுத்த விலை மட்டும் அவ்வளவாக இருந்திருக்க வேண்டியதில்லை.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், ஹலாலான ரிஸ்க்கையும், அதில் பரக்கத்தையும் தருவாயாக. கடன்பட்டவர்களின் சுமையை எளிதாக்குவாயாக. ஆமீன்.